காலண்டர் தாளின் குட்டி எழுத்துகள்: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்த இரண்டு மாவட்டத்திலும் தேதி குறிக்கும்போது வாக்குவாதம் வராத கல்யாண வீடு குறைவு. பெண் வீட்டில் தமிழ்க் காலண்டர், மாப்பிள்ளை வீட்டில் தெலுங்குப் பஞ்சாங்கம், பெங்களூரில் இருக்கும் தாய்மாமன் வீட்டில் கன்னடக் காலண்டர் என்று மூன்றும் ஒரே கூடத்தில் வந்து உட்காரும். பத்திரிகை அச்சடிக்கும் தொழிலில் இருப்பதால், ஐயரிடமும் ஜோசியரிடமும் கேட்கத் தயங்கும் கேள்விகளை எல்லாம் எங்களிடம் கேட்பார்கள். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவை இங்கே. நல்ல நேரம் பலிக்குமா பலிக்காதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

"தை மாதம், சுக்லபட்சம் தசமி திதியும் ரோகிணி நட்சத்திரமும் சித்தயோகமும் கூடிய சுபதினத்தில்" என்று பத்திரிகையில் அடிக்கிறீர்களே, இதெல்லாம் எதற்கு?

அந்த நாளின் முழு முகவரி அது. வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்ற ஐந்து அங்கங்கள் சேர்ந்ததுதான் பஞ்சாங்கம். இதில் வாரம் என்பது ஞாயிறு, திங்கள் என்ற கிழமை. மீதி நான்குக்கும் வேண்டியது இரண்டே இரண்டு எண்கள்: வானத்தில் சூரியன் எத்தனையாவது டிகிரியில் நிற்கிறது, சந்திரன் எத்தனையாவது டிகிரியில் நிற்கிறது. சந்திரன் நிற்கும் இடம் நட்சத்திரம். சந்திரனிலிருந்து சூரியனைக் கழித்தால் திதி. திதியைப் பாதியாக்கினால் கரணம். இரண்டையும் கூட்டினால் யோகம். சூரியன் நிற்கும் ராசி தமிழ் மாதம். அவ்வளவு பெரிய புத்தகத்தின் அடிப்படை இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

அச்சகக்காரனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. மாதம், திதி, நட்சத்திரம் மூன்றும் ஒன்றை ஒன்று காட்டிக்கொடுக்கும். தை மாதக் கடைசியில் வளர்பிறை தசமி என்றால் நட்சத்திரம் ரோகிணிப் பக்கம்தான் இருக்க வேண்டும். அதே வரியில் அனுஷம் என்று எழுதி வந்தால், யாரோ வேறு தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று புரூஃப் பார்க்கும்போதே சொல்லிவிடலாம். வளர்பிறை தசமியில் அனுஷம் வருவது ஆடியில். ஆடியில் பத்திரிகை அடிக்க யார் வருகிறார்கள்!

பஞ்சாங்கத்தில் நாள் எத்தனை மணிக்கு மாறும்?

சூரிய உதயத்தில். இரவு 12 மணிக்கு மாறுவது இங்கிலீஷ் தேதி. செவ்வாய்க்கிழமை விடியற்காலை 2 மணிக்குக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் செவ்வாய், ஜாதகத்தில் திங்கள். இரண்டும் சரி. ஆனால் குழந்தையின் நட்சத்திரமும் திதியும் அந்த 2 மணிக்கு என்ன ஓடியதோ அதுதான், காலையில் தாளில் போட்டிருந்தது அல்ல. பெயர் வைக்கும் நேரத்தில் குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

திதி ஏன் காலை 9.37, இரவு 11.12 என்று கண்ட நேரத்தில் முடிகிறது?

அமாவாசையன்று சூரியனும் சந்திரனும் ஒரே டிகிரியில் இருக்கின்றன. அங்கிருந்து சந்திரன் 12 டிகிரி முந்திப் போனால் பிரதமை முடிந்தது. 24 டிகிரியில் துவிதியை முடிந்தது. 180-இல் பௌர்ணமி, 360-இல் மறுபடி அமாவாசை. மொத்தம் 30 திதிகள். அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள் என்பதால் ஒரு திதிக்குச் சராசரி 23 மணி 37 நிமிடம்தான் கிடைக்கும். அதனால் அது நாளோடு ஒட்டி நடக்காமல் நழுவிக்கொண்டே போகும்.

அதிலும் சந்திரன் சீராக ஓடுவதில்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகம், தள்ளிப் போகும்போது மந்தம். ஒரே நாளில் 12 டிகிரிக்கும் குறைவாக நகர்வதும் உண்டு, 15-ஐத் தாண்டுவதும் உண்டு. ஆகவே ஒரு திதி ஏறக்குறைய 20 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் இழுக்கலாம்.

இதைச் சரிபார்க்கக் கண்ணே போதும். அமாவாசை கழித்து மேற்கே மெல்லிய கீற்று தெரியும் சாயங்காலம் துவிதியையோ திருதியையோ ஓடிக்கொண்டிருக்கும். வளர்பிறையில் சரிபாதி நிலா தெரிந்தால் அப்போது அஷ்டமியின் நடுப்பகுதி. தேய்பிறையில் பாதி நிலா நள்ளிரவையொட்டித்தான் உதிக்கும், அதுவும் அஷ்டமிதான்.

சில வாரங்களில் ஒரு திதியே காணோம், சில வாரங்களில் ஒரே திதி இரண்டு நாள் வருகிறது. அச்சுப் பிழையா?

இல்லை. ஒரு நாளுக்கு ஒரு திதிதான் பெயராக நிற்கும். சூரிய உதய நேரத்தில் எது ஓடுகிறதோ அது. உதயத்தில் ஒரு போட்டோ எடுத்து நாள் முழுக்க அதையே மாட்டிவைக்கிற மாதிரி. இரண்டு போட்டோக்களுக்கு நடுவே ஒருவர் வந்து போய்விட்டால் எதிலும் அவர் விழ மாட்டார். நீளமான திதி இரண்டு உதயங்களையும் தொட்டுவிட்டால் இரண்டிலும் விழும்.

அருமையான உதாரணம் 2026 உகாதி. மார்ச் 19, வியாழக்கிழமை. அன்று நம் பக்கம் சூரிய உதயம் ஏறக்குறைய 6.23. திருக்கணிதப்படி (வானத்து நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு, கடைசியில் சொல்கிறேன்) அமாவாசை முடிந்தது 6.53-க்கு. ஆக உதயத்தில் அமாவாசை. பிரதமை அதன்பிறகு தொடங்கி மறுநாள் விடியுமுன், 5 மணிக்குள்ளாகவே முடிந்தது. மறுநாள் உதயத்தில் துவிதியை. எந்தத் திதியை வைத்து உகாதி வருகிறதோ அந்தப் பிரதமைக்கே ஒரு உதயம்கூடக் கிடைக்கவில்லை. இப்படி ஒரே நாளில் மூன்று திதி தொட்டால் அதை அவமாகம் என்று காலண்டரில் போடுவார்கள். ஒரே திதி மூன்று நாட்களைத் தொட்டால் திரிதினஸ்பிருக்கு. இரண்டையும் சுப காரியத்துக்குத் தள்ளிவிடுவது வழக்கம்.

அப்படியானால் விசேஷங்களுக்கும் உதயத் திதிதானா?

இல்லை, இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு விசேஷத்துக்கும் உரிய நேரம் ஒன்று உண்டு, அந்த நேரத்தில் திதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. விநாயகர் சதுர்த்திக்கு நடுப்பகல். பிரதோஷத்துக்குச் சூரியன் மறையும் வேளையில் திரயோதசி. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு விடியுமுன் சதுர்த்தசி. சிவராத்திரிக்கு நள்ளிரவு.

அதியமான்கோட்டை காலபைரவர் கோயில் தேய்பிறை அஷ்டமியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வெளியூரிலிருந்தும் கூட்டம் வரும் நாள் அது. அஷ்டமி முதல் நாள் நண்பகலில் தொடங்கி மறுநாள் காலை 10 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். தேதித் தாள் மறுநாளைத்தான் அஷ்டமி என்று சொல்லும். ஆனால் பைரவருக்கு இரவு முக்கியம், அஷ்டமி ஓடும் இரவு முதல் நாள்தான். தாளை மட்டும் நம்பிச் சேலத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர் ஒரு நாள் தாமதமாக இறங்குவார். கோயில் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஏகாதசி தனிக் கதை. உதயத்துக்கு நான்கு நாழிகைக்கு முன், அதாவது 96 நிமிடத்துக்கு முன்பே அருணோதயம் தொடங்கிவிடுகிறது. அப்போது தசமியின் மிச்சம் ஒட்டியிருந்தால் வைணவர்கள் அன்று விரதம் இருக்க மாட்டார்கள், மறுநாள் இருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு நாள் ஏகாதசி வருவது இதனால்தான்.

அப்பாவுக்குத் திதி கொடுக்க எந்தத் தேதியைப் பார்ப்பது?

காலண்டர் தாளில் "சிரார்த்த திதி" என்று தனியே போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். பகல் பொழுதை ஐந்தாகப் பிரித்தால் நான்காவது பங்கு அபராண்ணம், பிற்பகல் நேரம். பித்ரு காரியத்துக்கு அந்த நேரத்துத் திதிதான் கணக்கு. உதயத் திதியும் சிரார்த்த திதியும் பல நாட்கள் வேறாக இருக்கும். சில நாள் அந்த இடத்தில் "அதிதி" என்று இருக்கும், அன்று யாருக்கும் திதி இல்லை.

இறந்த மாதத்தைக் குறிப்பதில் வீட்டுக்கு வீடு வித்தியாசம் உண்டு. தமிழ் வீட்டில் பெரும்பாலும் சூரிய மாதத்தைக் கொள்கிறார்கள்: ஆவணி மாதத் தேய்பிறை பஞ்சமி என்பதுபோல. தெலுங்கு, கன்னட வீடுகளில் சந்திர மாதம்: பாத்ரபத கிருஷ்ண பஞ்சமி. இந்த இரண்டும் சில வருஷம் ஒரே நாளிலும் சில வருஷம் ஒரு மாத இடைவெளியிலும் வரும். சூரிய மாதத்தில் அதே திதி இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பின்னதை எடுப்பார்கள். அதைப் புரோகிதரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், என்னிடம் வேண்டாம்.

நட்சத்திரம் என்றால் வானத்து நட்சத்திரமா, கணக்கா?

இரண்டும். 360 டிகிரியை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 டிகிரி 20 நிமிடம் (இந்த நிமிடம் டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு). சந்திரன் அந்தப் பங்கைக் கடக்கச் சராசரி 24 மணி 17 நிமிடம் எடுக்கும். நாளைவிடச் சற்று நீளம். திதி பின்வாங்கும், நட்சத்திரம் மெல்ல முன்னே நகரும். தாளில் இரண்டும் வேறு வேறு நேரத்தில் முடிவது இதனால்தான்.

பௌர்ணமியன்று சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிறது. சூரியன் இருக்கும் ராசி தெரிந்தால் எதிரே இருக்கும் நட்சத்திரமும் தெரிந்துவிடும். தையில் பூசம், மாசியில் மகம், பங்குனியில் உத்திரம், வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கிருத்திகை. தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் பெண்கள் வடம் பிடித்து இழுக்கும் தைப்பூசத் தேரன்று தலைக்கு மேல் முழு நிலாவோ கிட்டத்தட்ட முழு நிலாவோ இருப்பது தற்செயல் அல்ல. நாள் குறிக்கும்போது பூசத்தைத்தான் பார்க்கிறார்கள். பௌர்ணமி கூடவே வந்துவிடுகிறது.

மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்பது?

நட்சத்திரத்தை வைத்துத்தான். 27-இல் ஒன்பது மேல்நோக்கு (ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம் முதலியவை), ஒன்பது கீழ்நோக்கு (பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், மூலம் முதலியவை), ஒன்பது சமநோக்கு. வீடு கட்ட ஆரம்பிக்க மேல்நோக்கு, கிணறு வெட்ட, கிழங்கு நட, மஞ்சள் ஊன்றக் கீழ்நோக்கு, உழவுக்குச் சமநோக்கு என்பது வழக்கம். போர்வெல் போடுவதற்கும் நம் விவசாயிகள் கீழ்நோக்கு நாள்தான் கேட்கிறார்கள். ஆனால் போர் லாரிக்காரர் தன் நாளில்தான் வருவார்.

தாளில் "யோகம்" இரண்டு இடத்தில் இருக்கிறதே?

இரண்டும் வேறு. ஐந்து அங்கத்தில் வரும் யோகம் சூரிய, சந்திர டிகிரிகளின் கூட்டுத்தொகை. விஷ்கம்பம், பிரீதி, ஆயுஷ்மான் என்று ஆரம்பித்து வைதிருதி வரை 27. ஒன்றுக்குச் சராசரி 22 மணி 36 நிமிடம். பத்திரிகையில் நாம் அடிக்கும் சித்தயோகம், அமிர்தயோகம் இந்தக் கணக்கைச் சேர்ந்தவை அல்ல. அது கிழமையும் நட்சத்திரமும் சேரும் ஜோடியைப் பொறுத்தது. இன்ன கிழமையில் இன்ன நட்சத்திரம் வந்தால் அமிர்தம், சித்தம், மரணம் என்று ஒரு அட்டவணை உண்டு. வானத்தில் ஒன்றும் கூட்ட வேண்டியதில்லை. நட்சத்திரம் மாறும் நிமிடத்தில் இதுவும் மாறிவிடும். அதனால்தான் "மதியம் 1.20 வரை மரணயோகம், பின் சித்தயோகம்" என்று இருக்கும்.

கரணம்?

திதியில் பாதி, 6 டிகிரி. ஒரு சந்திர மாதத்தில் 60. பெயர்கள் பதினொன்றுதான்: பவம், பாலவம், கௌலவம், தைதுலம், கரசை, வணிசை, பத்திரை என்ற ஏழும் எட்டு முறை சுற்றும், சகுனி, சதுஷ்பாதம், நாகவம், கிம்ஸ்துக்கினம் நான்கும் அமாவாசையை ஒட்டி ஒரே முறை வரும். பத்திரையைத் தவிர மற்றவற்றைப் பற்றி இதுவரை யாரும் கடையில் கேட்டதில்லை.

பழைய பஞ்சாங்கத்தில் "நா. 23, வி. 40" என்று இருக்கிறது. மணிக்கு எப்படி மாற்றுவது?

ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை என்பது 24 நிமிடம், இந்த விநாடி என்பது இப்போதைய 24 நொடி. கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்கும். 23 நாழிகை 552 நிமிடம், அதாவது 9 மணி 12 நிமிடம். 40 விநாடி 16 நிமிடம். ஆக உதயத்திலிருந்து 9 மணி 28 நிமிடம். அன்று உதயம் 6.10 என்றால் பிற்பகல் 3.38. மனக்கணக்குக்கு இரண்டரை நாழிகை ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரை அது. மூன்றே முக்கால் நாழிகை ஒன்றரை மணி, ஏழரை நாழிகை ஒரு சாமம், இரண்டு நாழிகை ஒரு முகூர்த்தம்.

பிரம்ம முகூர்த்தம் என்று எல்லோரும் 4.30 முதல் 6 என்கிறார்கள். கணக்குப்படி அது உதயத்துக்கு 96 நிமிடம் முன் தொடங்கி 48 நிமிடம் முன் முடியும். ஜனவரி கடைசியில் நம்மூரில் 5.06-க்கு எழுந்தால் போதும்.

ராகு காலம் திங்கட்கிழமை 7.30 முதல் 9 தானே?

"திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்த வரியில் திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு என்று கிழமைகளின் வரிசை இருக்கிறது. முதல் ஒன்றரை மணியை விட்டுவிட்டு 7.30-இலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கினால் காலண்டரில் இருப்பது வந்துவிடும். ஆனால் அது காலை 6-க்கு உதித்து மாலை 6-க்கு மறையும் சூரியனுக்கான அட்டவணை. பகலை எட்டாகப் பிரி என்பதுதான் மூல விதி.

தருமபுரியில் ஜனவரி கடைசியில் உதயம் ஏறக்குறைய 6.42, மறைவு 6.18. பகல் 11 மணி 36 நிமிடம், எட்டில் ஒரு பங்கு 87 நிமிடம். திங்கட்கிழமைக்கு இரண்டாவது பங்கு, ஆக ராகு காலம் 8.09 முதல் 9.36 வரை. 9 மணி ஆனதும் "ராகு போயாச்சு" என்று தாலி எடுத்தால் கணக்குப்படி ராகு இன்னும் அங்கேதான் இருக்கிறார்! வெள்ளிக்கிழமை 11.03 முதல் 12.30 வரை. ஜூன் ஆரம்பத்தில் திங்கள் 7.28 முதல் 9.04 வரை என்று அட்டவணையோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும், ஆனால் அப்போது ஞாயிறு ராகு காலம் மாலை 5.04-க்குத்தான் தொடங்கும்.

எமகண்டம், குளிகை, கௌரி நல்ல நேரம் எல்லாமே இந்தப் பிரிவினைதான். என் அபிப்பிராயத்தில், பார்ப்பதென்றால் ஊர் உதயத்தை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆறு மணி அட்டவணையைப் பார்த்துவிட்டு நிமிடக் கணக்கில் பதறுவதில் அர்த்தமில்லை.

சென்னைக்கு அடித்த காலண்டர் நம்மூருக்குப் பொருந்துமா?

பாதி பொருந்தும். திதி, நட்சத்திரம் முடியும் மணி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். வானத்தில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் ஊரைப் பார்த்து மாறாது. மாறுவது உதயம். ஒரு டிகிரி தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் வித்தியாசம். சென்னை 80.27, தருமபுரி 78.16, ஓசூர் 77.83. ஆகச் சூரியன் சென்னையில் உச்சிக்கு வந்து எட்டு நிமிடம் கழித்துத் தருமபுரியில், பத்து நிமிடம் கழித்து ஓசூரில். இந்திய நேரத்துக்கான ரேகை 82.5 என்பதால் கடிகாரத்தில் 12 அடித்த பிறகும் நம்மூரில் உச்சிப் பொழுதுக்குச் சராசரி 17 நிமிடம் பாக்கி இருக்கும். உச்சிப் பொழுதை ஒட்டிய அபிஜித் முகூர்த்தம் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எட்டு நிமிடம் பெரிதா என்றால், பெரும்பாலான நாட்களில் இல்லை. ஆனால் சென்னை உதயத்துக்கும் தருமபுரி உதயத்துக்கும் நடுவே ஒரு திதி முடிந்தால் அன்று இரண்டு ஊருக்கும் இரண்டு திதி.

தமிழ் மாதத்துக்கு ஏன் ஒரு மாதம் 29 நாள், ஒரு மாதம் 32 நாள்?

சூரியன் ஒரு ராசியை, 30 டிகிரியைக் கடக்கும் காலம்தான் மாதம். ஜனவரி ஆரம்பத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் வேகமாக ஓடுகிறது. அதனால் மார்கழி 29 அல்லது 30 நாளில் முடிந்துவிடும். ஜூலை ஆரம்பத்தில் தூரம் அதிகம், வேகம் குறைவு. அதனால் ஆனி 31 அல்லது 32. ராசிக்குள் சூரியன் நுழைவது மறைவுக்கு முன் என்றால் அன்றே மாதப் பிறப்பு, மறைவுக்குப் பின் என்றால் மறுநாள். இது தமிழ்நாட்டு வழக்கம். கேரளத்தில் விதி வேறு, அதனால்தான் சில வருஷம் நமக்கு ஒரு நாள் பிந்தி அங்கே மாதம் பிறக்கும்.

ஆடி 18 திதியையும் பார்க்காது, நட்சத்திரத்தையும் பார்க்காது. மாதம் பிறந்து பதினெட்டாவது நாள், முடிந்தது. ஒகேனக்கல்லில் ஆற்றில் முழுகக் கூட்டம் சேரும் அந்த நாள் ஆகஸ்ட் 2 அல்லது 3-ஐ விட்டு நகராதது இதனால்தான். கரிநாளும் இப்படித் தமிழ்த் தேதிக்கு ஒட்டவைத்தது. தை 1, 2, 3 மூன்றுமே கரிநாள் பட்டியலில் உண்டு, பொங்கலை யாரும் தள்ளிவைப்பதில்லை.

ஓசூரில் பக்கத்து வீட்டுக்கு வருஷம் பிறந்துவிட்டது, எங்களுக்குப் பிறக்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு வருஷமா?

ஆமாம், வருஷாவருஷம் நடப்பதுதான். தெலுங்கு, கன்னட வீடுகளில் மாதம் அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும். சைத்ர மாதப் பிரதமை அவர்களுக்கு உகாதி. தமிழ் வீட்டில் சூரியன் மேஷத்தில் நுழையும் நாள், ஏப்ரல் 14-ஐ ஒட்டி. 60 வருஷப் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றே. 2026-இல் மார்ச் 19 அன்று பக்கத்து வீட்டில் பராபவ வருஷம் பிறந்து ஒப்பட்டு (போளி) வந்தது, நம் வீட்டில் ஏப்ரல் 13 வரை விசுவாவசுதான். 26 நாட்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வருஷம், இந்தப் பக்கம் ஒரு வருஷம். அந்த இடைவெளியில் இருமொழிப் பத்திரிகை அடித்தால் இரண்டு பக்கத்திலும் வேறு வருஷப் பெயர் வரும். பிழை என்று திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

உகாதி 2023-இல் மார்ச் 22, 2024-இல் ஏப்ரல் 9, 2025-இல் மார்ச் 30. பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாளில் முடிந்துவிடுவதால் வருஷத்துக்குப் பதினொரு நாள் பின்வாங்கும். அப்படியே விட்டால் உகாதி மார்கழிக்குப் போய்விடும். அதற்குத்தான் அதிக மாதம். இரண்டு அமாவாசைகளுக்கு நடுவே சூரியன் எந்த ராசிக்கும் மாறாவிட்டால் அந்த மாதம் கூடுதல், கணக்கில் சேராது. 19 வருஷத்துக்கு ஏழு முறை வரும். 2026-இல் மே 17 முதல் ஜூன் 15 வரை அதிக ஜேஷ்டம். தெலுங்கு வீடுகளில் அந்த மாதம் கல்யாணம் வைக்க மாட்டார்கள். தமிழ்க் கணக்கில் கூடுதல் மாதம் கிடையாது. அந்த வருஷம் வைகாசி தொடங்கியதுமே ஒரு அமாவாசை, முடியும் தறுவாயில் இன்னொன்று. இரண்டு அமாவாசை வரும் மாதத்தை மல மாதம் என்று தமிழர்களிலும் பலர் ஒதுக்குவார்கள். இரண்டு சம்பந்தி வீடும் தேதி விஷயத்தில் ஒத்துப்போகும் அபூர்வமான இடம் இது.

வாக்கியமா, திருக்கணிதமா? எது சரி?

சண்டை மூட்டும் கேள்வி. வாக்கியம் என்பது மனப்பாடக் கணக்கு. 248 நாட்களில் சந்திரன் வேகமும் மந்தமுமாக ஒன்பது சுற்றை முடித்து ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும் என்று கண்டுபிடித்து, அந்த 248 நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை 248 சமஸ்கிருதச் சிறு வாக்கியங்களாகக் கட்டிவைத்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். முதல் வாக்கியம் "கீர்ன ச்ரேய". க வரிசையில் மூன்றாம் எழுத்துக்கு 3, ன-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1. பின்னாலிருந்து படித்தால் 1203, அதாவது முதல் நாளில் சந்திரன் நகர்ந்தது 12 டிகிரி 3 நிமிடம். கையில் தாள் இல்லாமல், வாயில் சொல்லிக்கொண்டே திதி கணிக்கலாம். எவ்வளவு பெரிய மூளை!

திருக்கணிதம், வானத்தில் இப்போது தெரியும் நிலையோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி அப்படி ஒரு பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர் அவர். கிரகணம் போட்ட நிமிடத்தில் பிடிக்க வேண்டுமானால் திருக்கணிதம்தான். கோயில்களில் பெரும்பாலும் வாக்கியம்.

திதி முடிவில் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். கிரகப் பெயர்ச்சியில் மாதக் கணக்கில்கூட வரும். கும்பத்துக்குச் சனி பெயர்ந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி, திருநள்ளாற்றில் கொண்டாடியபடி, 2023 டிசம்பர் 20. வானத்தில் சனி எங்கே என்று கேட்டால் திருக்கணிதம் சொல்வதுதான் சரி. கோயில் திருவிழா எப்போது என்று கேட்டால் அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அது சரி. முகூர்த்தத்துக்கு ஒரு பஞ்சாங்கம், சாந்தி கழிக்க இன்னொரு பஞ்சாங்கம் என்று கலப்பதுதான் சிக்கல்.

மொபைல் ஆப்பில் வேறு நேரம் காட்டுகிறது. அதை நம்பலாமா?

முதலில் அதில் ஊர் என்ன என்று பாருங்கள். பல ஆப்கள் தாமாக டெல்லியையோ சென்னையையோ வைத்திருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மாற்றினால் உதயமும் ராகு காலமும் நம்மூருக்கு வந்துவிடும். அடுத்து, அது வாக்கியமா திருக்கணிதமா என்று பாருங்கள். பெரும்பாலும் திருக்கணிதமாகத்தான் இருக்கும், அதனால் சுவரில் மாட்டியிருக்கும் வாக்கியக் காலண்டரோடு ஒத்துப்போகாது. மூன்றாவதாக, மாதப் பெயர். "சிராவணம்" என்று காட்டினால் அது சந்திர மாதம், ஆவணி அல்ல. வடநாட்டு முறையில் மாதம் பௌர்ணமியோடு முடிவதால் தேய்பிறையில் அவர்கள் நமக்கு ஒரு மாதப் பெயர் முந்திப் போவார்கள். அமைப்பில் "அமாந்தம்" (மாதம் அமாவாசையோடு முடியும் முறை) என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஓசூர் பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தோடு சேரும், "தமிழ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் நம் வீட்டோடு.